சவுத் ஃபோர்க் அமெரிக்கன் ஆற்றில் ராஃப்டிங்: ஆறு பேர், இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது

ஃப்ரீமாண்ட்_வாசி:
வணக்கம். ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் கலோமா பக்கம் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றில் இறங்குவது) போகலாம் என்று ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். யாரும் இதற்கு முன்னால் போனதில்லை. இருவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. கேட்க வேண்டியவை மூன்று. சில்லி பார், கார்ஜ் என்று இரண்டு பகுதி சொல்கிறார்கள், எதை எடுப்பது? ராஃப்டை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டினால் செலவு பாதியாகும் என்கிறான் ஒரு நண்பன், சரிவருமா? நீச்சல் தெரியாதவர்களைக் கூட்டிப் போகலாமா?

ஆத்தோரம்:
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாங்க. சவுத் ஃபோர்க் கிளாஸ் 3 ஆறு, அதாவது ஆறு படி கஷ்ட வரிசையில மூணாவது படி. பின்னாடி உக்காந்து திசை திருப்புறவருக்கு எந்தப் பாறைக்கு இடப்பக்கம், எதுக்கு வலப்பக்கம்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். கண்ணுல பட்ட பிறகு துடுப்பு போட்டா ராஃப்ட் திரும்பறதுக்குள்ள பாறை வந்துடும். சில்லி பார்ல கலோமாவுக்குக் கொஞ்சம் முன்னாடி டிரபிள்மேக்கர்னு ஒரு இடம். தண்ணி எஸ் மாதிரி வளைஞ்சு இறங்கும், முடிவுல கன்சைட் பாறை நேரா எதிர்ல நிக்கும். புதுசா ஓட்டுறவங்க அதுல போய் ஏறிக்குவாங்க.

பாறைல ராஃப்ட் பக்கவாட்டுல மோதினா எல்லாரும் பயந்து பாறையை விட்டு விலகி உக்காருவாங்க. அங்கதான் தப்பு. தண்ணி வர்ற பக்கம் எடை கூடினா அந்தப் பக்க டியூப் (காத்தடைச்ச விளிம்பு) அமுங்கும், தண்ணி மேல ஏறி ராஃப்ட்டைப் பாறையோட ஒட்டவச்சு மடக்கிடும். அப்புறம் கயிறும் கப்பியும் இல்லாம எடுக்க முடியாது. "ஹை சைடு!"னு குரல் வந்த நொடியே எல்லாரும் பாறைப் பக்கம் பாயணும். முதல் தடவை வர்ற ஆறு பேர் இதை யோசிக்காம செய்வாங்களா?

கைடோட போற ராஃப்ட்ல ஆறு பேர் தாராளமா உக்காரலாம், அதனால நீங்க ஒரே ராஃப்ட்ல போயிடலாம்.

எந்தப் பகுதின்னா, உங்களுக்கு கார்ஜ்தான். சில்லி பார் 6 மைல் போல. கிளம்பின கொஞ்ச நேரத்துல மீட்கிரைண்டர்ங்கிற வேகச்சுழல் இடம் வந்துடும், துடுப்பு பிடிக்கப் பழகறதுக்கு நேரமே இருக்காது. கார்ஜ் லோட்டஸ் பக்கம் ஆரம்பிச்சு 10 மைல் போல. முதல் பாதி சாதுவான தண்ணி, அதுல கைடு கட்டளை எல்லாம் சொல்லிப் பழக்கிடுவார். அப்புறம்தான் சேட்டன்ஸ் செஸ்பூல், ஹாஸ்பிடல் பார்னு வேகமான இடங்கள் எல்லாம் அடுத்தடுத்து வரும். பேரைக் கேட்டு மிரளாதீங்க. கடைசில ஃபோல்சம் ஏரில முடியும். அங்க ஓட்டமே இல்ல, சும்மா துடுப்பு போட்டுத்தான் ஆகணும்.

யாராவது "மிடில் ஃபோர்க் (இதே ஆத்தோட இன்னொரு கிளை) போலாம், த்ரில்லா இருக்கும்"னு கிளப்பிவிட்டா காதுல வாங்காதீங்க. அது கிளாஸ் 4, அங்க இருக்கிற டனல் ஷூட் முதல் தடவைக்கான இடம் இல்ல.

நீரளவு:
நீச்சல் தெரியாதவர் கார்ஜ் போகலாம். ஆனால் அதைப் பதிவு செய்யும்போதே நிறுவனத்திடமும், காலையில் கைடிடமும் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து. யாரை எங்கே உட்கார வைப்பது, விழுந்தால் யாரை முதலில் இழுப்பது என்று கைடு அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

இந்த ஆற்றில் கோடை நீர் அணையிலிருந்து திறந்துவிடப்படுவது. வறட்சி ஆண்டில் திறக்கும் நாட்கள் குறைந்தாலும் வார இறுதிக்கு முன்னுரிமை உண்டு. ஜூலையில் விநாடிக்கு 1,500 கன அடியை ஒட்டி இருந்தால் புதியவர்களுக்கு நல்ல அளவு. அதாவது விநாடிக்குச் சுமார் 42,000 லிட்டர். 2017, 2023 போலப் பனி மிகுந்த ஆண்டென்றால் கணக்கே வேறு. ஆற்று நீரளவு காட்டும் டிரீம்ஃப்ளோஸ் இணையதளத்தில் சில்லி பார் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் வெயில் 38 டிகிரி அடித்தாலும் நீர் சில்லென்றுதான் இருக்கும். திடீரென உள்ளே விழுந்தால் மூச்சு இழுத்துப் பிடிக்கும். அது ஓரிரு நிமிடங்களில் அடங்கும் என்று தெரிந்திருந்தாலே பதற்றம் பாதி குறையும்.

லைஃப் ஜாக்கெட் போட்டதும் தோள்பட்டைகளைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு. பக்கப் பட்டைகளை இறுக்க வேண்டும். தொப்பை உள்ளவர்கள் மூச்சு முட்டுகிறதென்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் தளர்த்திவிட்டு மறந்துவிடுவார்கள். மறுபடி ஏறும்போது கட்டாயம் பாருங்கள்.

விழுந்தால்: மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் ஓட்டத்தின் திசையில், விரல்கள் நீருக்கு மேலே தெரிய வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்பக்கம் சாய்த்து அமுக்கிவிடும். ராஃப்டுக்கு அடியில் போய்விட்டால் உள்ளங்கையை அடிப்பாகத்தில் வைத்து ஒரே திசையில் நகருங்கள், வெளியே வந்துவிடலாம். பைக்குள் சுருட்டிய மீட்புக் கயிற்றை வீசினால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, தோளுக்கு மேல் விட்டு, மல்லாந்தே இருங்கள். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். விழுந்தவரை ராஃப்டுக்குள் இழுக்கும்போது கையைப் பிடிக்காதீர்கள். ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் ஆள் தானாக உள்ளே விழுவார்.

இன்னொன்று, துடுப்பின் மேல்முனையில் உள்ள குறுக்குப் பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். அடுத்தவர் பல் உடைவது பெரும்பாலும் அதனால்தான்.

சாக்ரமெண்டோகாரன்:
பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், டி-ஷர்ட் நனைந்தால் மாலைவரை காயாது. நைலான், பாலியெஸ்டர் போதும். செருப்பு ஆகாது, குதிகாலில் பட்டை இருக்கிற சாண்டல் அல்லது பழைய ஷூ. சன்ஸ்க்ரீனைத் தொடையில் பூசினால் டியூப்பில் வழுக்கும், முழங்காலுக்குக் கீழே மட்டும். கரையோரம் பாய்சன் ஐவியின் பங்காளி பாய்சன் ஓக் என்ற, தொட்டால் அரிக்கும் செடி இருக்கிறது, மூன்று மூன்று இலையாக வரும் எதையும் தொட வேண்டாம்.

சான் ஹோசே பக்கமிருந்து மூன்று மணி நேரம் வையுங்கள். வெள்ளி மாலை கிளம்பினால் 80-ஆம் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்வீர்கள்; லோட்டஸில் முகாம் போடுவதாக இருந்தால் மதியமே கிளம்புங்கள். சைவம் எத்தனை பேர் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், அன்று காலை சொன்னால் வெறும் பிரெட்டும் சீஸும்தான். கைடுக்கு 10 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம்.

ஃப்ரீமாண்ட்_வாசி:
மிக்க நன்றி. கார்ஜ், கைடோடு என்று முடிவாகிவிட்டது. ஒருவர் சோடாபுட்டி, கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது. தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார் இன்னொருவர். கார் சாவியை ஜிப் பையில் எடுத்துப் போகலாமா?

நீரளவு:
கண்ணாடிக்குத் தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டை வாங்குங்கள். வெறும் நூல் போதாது, அலை அடித்தால் மூக்கிலிருந்து கழன்றுவிடும். தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள், உடலை ஒட்டிய சட்டைக்கும் அடியில் போட்டு, ஹெல்மெட் பட்டையில் சிக்காதபடி பாருங்கள். தொங்கும் நீளமான கொடியென்றால் அன்றைக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வதே நல்லது. மோதிரங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி நழுவிவிடும்.

சாவி வேண்டாம். எலக்ட்ரானிக் சாவி நனைந்தால் இரவில் கார் திறக்காது, ஜிப் பையை நம்ப முடியாது. நிறுவன அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, திரும்பும் பேருந்து அங்கேதான் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.