ரிங் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்குவது? 18ஆ, 2ஆ, கையா?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):
போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய்) ரிங் வளையத்தில் பிடித்து மாட்டுவது பற்றி நேற்று ஒருவர் இங்கே அருள்வாக்கு சொல்லியிருந்தார். "டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் ரிங் ஸ்க்ரூவை முறுக்குகிறவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. 18தான் கணக்கு." படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலை நரைக்கும்வரை லேத் ஓட்டியவன் நான். மரை எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்கப் போகிறது என்று கை சொல்லும். எல் கீயின் குட்டைக் காலைப் பிடித்து இரண்டு விரலால் திருகு, நின்றால் விடு. இதற்கு எதற்கு ஒரு மீட்டர்?

சொல்தா பேரன் (புதுச்சேரி, இப்போது துலூஸ்):
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம் அண்ணே. இங்கே பெர்மிட்டோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவன். பழைய .308 ரைஃபிள் ஒன்று வாங்கினேன். 100 மீட்டரில் ஒரு குண்டு இடது பக்கம், அடுத்தது மேலே, அதற்கடுத்தது எங்கே போனது என்றே தெரியவில்லை. ஸ்கோப்பைக் கழற்றினால் குழாயைச் சுற்றி ரிங் பதிந்த பள்ளம், நகத்தால் தடவினாலே தெரிகிறது. முன்னால் வைத்திருந்தவரும் "கை சொல்லும்" கட்சிதான். குழாய் நெளிந்தால் உள்ளே நகர வேண்டிய சின்னக் குழாய் சிக்கிக்கொள்ளும். குறியைத் திருத்தும் திருகை நாலு க்ளிக் திருப்பினால் ஒன்றும் நடக்காது, பிறகு சுடும் அதிர்ச்சியில் மொத்தமாகக் குதிக்கும். நான் புது ஸ்கோப் போட்டு, ரெஞ்சை 2இல் வைத்து முறுக்கினேன். சரியாகிவிட்டது.

கெடிலக்கரை:
நேற்று 18, இன்றைக்கு 2. நாளைக்கு எத்தனை முசியே?

சொல்தா பேரன்:
இரண்டும் ஒன்றுதான்.

கெடிலக்கரை:
18உம் 2உம் ஒன்றா! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிரெஞ்சுக் கணக்கு போலிருக்கிறது.

முந்திரிக்காடு (பண்ருட்டி):
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 18 என்பது அங்குல-பவுண்டு, 2 என்பது நியூட்டன் மீட்டர். 18 அங்குல-பவுண்டு என்றால் 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். ஸ்கோப் கம்பெனிகள் ரிங்குக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு என்றுதான் சொல்லும். இதையே அடி-பவுண்டு என்று நினைத்து கார் வீல் நட் முறுக்கும் ரெஞ்சை எடுத்தால் 12 மடங்கு போய்விடும், ஸ்க்ரூ தலையே கையோடு வரும்.

அதைவிட முக்கியம், ரிங்குக்கு முன்னால், ரிங் உட்காரும் பேஸைப் பாருங்கள். துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துகொண்டு, ஸ்கோப்பைக் கழற்றி, பேஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பேஸின் முன் ஸ்க்ரூ நீளம் கூடினால் உள்ளே போல்ட்டின் (குண்டைத் தள்ளிப் பூட்டும் தண்டு) காதில் இடிக்கும், கைப்பிடியைத் தூக்கும்போதே இறுக்கம் தெரியும். அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் எடுத்துவிட்டுப் போல்ட்டை ஓட்டினால் வழவழவென்று போகும். துப்பாக்கியின் இரும்பு உடம்பைக் கட்டையோடு பிடிக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் குண்டு இப்படித்தான் சிதறும். இதையெல்லாம் பார்த்தீர்களா?

கெடிலக்கரை:
தம்பி, நீளமாக எழுதினால் சரியாகிவிடாது. அவர் 18 என்றார், பிறகு 2 என்றார். நான் கேட்பது அதை மட்டும்தான்.

சொல்தா பேரன்:
அண்ணே, அவர் விளக்கிவிட்டார்.

கெடிலக்கரை:
அவர் விளக்கினார். நீங்கள் விளக்கவில்லை.

பாகூரான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே வேட்டை என்ற பேச்சே எப்படி நடக்கிறது? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தெரியாதா? நெறியாளர் தூங்குகிறாரா?

சொல்தா பேரன்:
சார், நான் பிரான்சில் இருக்கிறேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

பாகூரான்:
பிரான்சில் இருந்தால் தமிழில் எதற்கு எழுதுகிறீர்கள்?

முந்திரிக்காடு:
இதென்ன கேள்வி பாகூரான்? நீங்களே போன மாதம் ஏர் ரைஃபிள் ஸ்கோப் நகருகிறது என்று புலம்பினீர்களே.

பாகூரான்:
அது .177 அங்குலக் குழல், சக்தி 20 ஜூலுக்குக் கீழே, லைசென்ஸ் வேண்டாம், 2016 ஆயுத விதிகளைப் படியுங்கள். டார்கெட் அட்டைதான் சுடுகிறேன். நகருவதும் என் குற்றமில்லை. ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், ஸ்கோப் பின்னால் ஊர்ந்துகொண்டே வரும். ஊராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் போட்டதும் நின்றுவிட்டது. 18உம் இல்லை 2உம் இல்லை.

கெடிலக்கரை:
பார்த்தீர்களா! அவரும் மீட்டர் இல்லாமல்தான் மாட்டியிருக்கிறார்.

பாகூரான்:
நான் உங்கள் கட்சி என்று சொல்லவில்லை. உங்களைத்தான் கேட்க வேண்டும். அப்பா காலத்து .315 ரைஃபிளுக்குப் பட்டறையிலேயே துளை போட்டு பேஸ் மாட்டினேன் என்று ஒரு திரியில் எழுதியிருந்தீர்கள். துப்பாக்கி ரிப்பேருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு. இருக்கிறதா?

கெடிலக்கரை:
நான் "போடலாம்" என்று எழுதினேன். "போட்டேன்" என்று எழுதவில்லை. மரை கழன்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

முந்திரிக்காடு:
அந்தத் திரி அழிக்கப்பட்டுவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறார். சரி, ரிங்குக்கு வருவோம். சோதனை சுலபம். ஸ்க்ரூ தலையிலும் ரிங்கிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள், தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். அப்புறம் ஒரு குண்டு சுட்டுவிட்டு, 20 க்ளிக் வலது, 20 மேல், 20 இடது, 20 கீழ், ஒவ்வொரு மூலையிலும் சுடுங்கள். கடைசி குண்டு முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் விழாவிட்டால் ஸ்கோப்பைச் சந்தேகியுங்கள், விழுந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

கெடிலக்கரை:
நெயில் பாலிஷ்! கடலோரக் காற்றில் இரும்பு எப்படிப் பூக்கும் தெரியுமா? முதுநகரில் நான் எதற்கும் நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) விட்டுத்தான் முறுக்குவேன்.

சொல்தா பேரன்:
ரிங் ஸ்க்ரூவுக்கும் விடுவீர்களா? ஈர மரை வழுக்கும், அதே முறுக்குக்கு அதிகமாக இறுகும். பேஸுக்கு விடுங்கள், ரிங்குக்கு வேண்டாம். உங்கள் ஸ்கோப்பைக் கழற்றிப் பாருங்கள், பள்ளம் இருக்கும்.

கெடிலக்கரை:
என் ஸ்கோப்பில் பள்ளம் இல்லை. இருந்தாலும் அது நீங்கள் போன வருடம் எனக்கு விற்ற ஸ்கோப்.

சொல்தா பேரன்:
அந்த ஸ்கோப் குறையில்லாமல்தான் வந்தது, போட்டோ வைத்திருக்கிறேன்.

கெடிலக்கரை:
போட்டோவில் லென்ஸ் மூடி இருந்தது. பார்சலில் இல்லை. புதுச்சேரிக்காரர்களிடம் வாங்காதே என்று அப்போதே சொன்னார்கள்.

பாகூரான்:
புதுச்சேரிக்காரர்கள் என்றால்? நானும்தான் புதுச்சேரி.

நெறியாளர்:
ஊர் பேச்சு வேண்டாம். தலைப்பு ரிங் ஸ்க்ரூ.

கெடிலக்கரை:
தலைப்பில்தான் இருக்கிறேன். 18 என்றார், 2 என்றார். மூடிக்கும் இன்னும் பதில் இல்லை.