ஒற்றைச் செல்லை நிறைமானியில் அளந்தவர்களின் அனுபவங்கள்

டிஎன்ஏ ஆய்விலிருந்து செல்லின் வேதிவினைகளில் ஈடுபடும் சிறு மூலக்கூறுகளான வளர்சிதைப் பொருள்களின் பக்கம் வந்தவன் நான். ஒரே செல்லின் டிஎன்ஏவைப் பிசிஆர் முறையில் வேண்டிய மட்டும் பெருக்கிக்கொள்ளலாம். குளூட்டாதயோன் போன்ற வளர்சிதைப் பொருளுக்கோ, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபிக்கோ அந்த வசதி கிடையாது, உள்ளே இருப்பதைக் கொண்டே அளந்தாக வேண்டும். பாலூட்டிச் செல் ஒன்றின் கனஅளவு பெரும்பாலும் சில பிக்கோலிட்டர்தான். ஒரு பிக்கோலிட்டரில் 1 மில்லிமோலார் செறிவில் உள்ள பொருள் 1 ஃபெம்டோமோல், அதாவது ஏறத்தாழ 60 கோடி மூலக்கூறுகள். கேட்பதற்கு இது பெருந்தொகையாகத் தோன்றினாலும், மூலக்கூறுகளை மின்னூட்டம் பெற்ற அயனிகளாக்கி நிறைப்படி பிரித்தறியும் நிறைமானியில் அவற்றுள் சிறு பங்கே அயனியாகிறது. அதிலும் ஒரு பகுதிதான் உணரியைச் சென்றடைகிறது.

ஆயினும் அளவின் சிறுமையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது நேரமே. நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கண்ணாடி ஊசியால் செல்லின் உள்ளிருப்பை உறிஞ்சி, அதன் நுனியிலிருந்தே மின்தெளிப்பு செய்து, அதாவது மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து, நிறைமானிக்குள் செலுத்துகிறோம். ஏடிபியோ நொடிகளில் செலவாகி மீண்டும் உருவாகும் பொருள். எனவே நாம் காண்பது செல்லின் இயல்பு நிலையா, ஊசி தைத்ததற்கு அது காட்டிய எதிர்வினையா என்ற ஐயம் எப்போதும் உடன் இருக்கிறது. இதற்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் ஒவ்வொரு செல்லையும் எடுத்தவுடன், அதன் அருகே செல் இல்லாத இடத்து வளர்ப்பு ஊடகத்தையும் அதே வகை ஊசியால் உறிஞ்சி அளப்பதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். மாணவர்கள் இதை வீண்வேலை என்று முணுமுணுப்பதுண்டு. நிறைமானியின் வரைபடத்தில் செல்லின் குளுட்டமின் என்று நாம் மகிழும் சிகரத்தில் எவ்வளவு ஊடகத்திலிருந்து ஒட்டி வந்தது என்பதை அந்த வெற்று அளவீடு மட்டுமே சொல்லும்.

*

நான் நித்தியகல்யாணிச் செடியில் வேலை செய்கிறேன். இலையை அரைத்து அளந்தால் எல்லாச் செல்களின் சராசரிதான் கிடைக்கும். இதே செடியின் தண்டில் 2016இல் வெளியான ஆய்வு, ஆல்கலாய்டுகள் (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்கள்) தனிவகைச் செல்கள் சிலவற்றிலும், பால் கொண்ட பால்செல்களிலும் குவிந்திருப்பதைக் காட்டியது. அருகருகே உள்ள இரு செல்களை உறிஞ்சிப் பார்த்தபோது, ஒன்றில் ஓங்கி நின்ற சிகரம் மற்றதில் தேடினாலும் தென்படாததை நானும் கண்டிருக்கிறேன்.

எனக்கு வந்த இடர்ப்பாடு வேறு. இச்செடியின் ஆல்கலாய்டுகளான கேதரந்தினுக்கும் டேபர்சோனினுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, ஆகவே நிறையும் ஒன்றே. வழக்கமான ஆய்வில் இரண்டையும் நிறப்பகுப்புக் குழல் பிரித்துத் தந்துவிடும், ஊசியிலிருந்து நேரே தெளிக்கும்போது அது இடையில் இல்லை. அயனியை உடைத்துத் துண்டுகளைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். உடைக்கப் போதிய அயனிகள் அந்த ஒரு செல்லிலிருந்து வர வேண்டுமே! வராத செல்களுக்கு இரண்டின் பெயரையும் சேர்த்தே அட்டவணையில் எழுதுகிறேன்.

*

ஊசியின்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பிய செல்களின் மீது, லேசர் ஒளியை உறிஞ்சி அயனியாக்கத்துக்கு உதவும் மேட்ரிக்ஸ் என்ற பொருளைப் பூசி லேசரால் அளக்கும் மால்டி முறையில் ஒரே ஓட்டத்தில் ஏராளமான செல்களைப் பார்க்கலாம். ஆனால் சிறு மூலக்கூறுகள் தோன்றும், நிறை-மின்னூட்ட விகிதம் 500க்குக் கீழான பகுதியில் மேட்ரிக்ஸின் சிகரங்களே நிறைந்திருப்பதால், இங்கே கொழுப்பு வகைகளை நம்பும் அளவுக்கு அமினோ அமிலங்களை நான் நம்புவதில்லை. இங்கே முதலில் எழுதியவர் கூறிய வெற்று அளவீட்டை நாங்களும் செய்கிறோம். செல்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்துப் புள்ளிகளே எங்களுக்கு அது.