200, 210, 220: கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை நம்பி எஸ்யூவி எடுக்கலாமா?

கேள்வி:
ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். ஓட்டம் பெரும்பாலும் தார் ரோடுதான். ஆனால் வாரம் ஒருமுறை 3 கிலோமீட்டர் மண்பாதை உண்டு. நடுவில் மேடு, இருபுறமும் ஆழமான டயர் தடம், மழை பெய்தால் சேறு. பட்டியலில் மூன்று வண்டி: 200 மி.மீ கிளியரன்ஸோடு (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) முன்சக்கர டிரைவ், 220 மி.மீ-யோடு ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் விசை போவது), 210 மி.மீ-யோடு லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கூடுதல் கியர்) உள்ள லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் பாடி பொருத்தியது). 220 இருப்பதையே எடுத்துவிடலாமா?

பதில் 1:
அந்த 220 காலி வண்டியில் எடுத்த அளவா, லோடோடு எடுத்ததா என்று முதலில் கேளுங்க. ஐந்து பேரும் சாமானும் சேர்ந்தால் 400 கிலோவை நெருங்கிவிடும். பின்பக்கம் 30, 40 மி.மீ இறங்குவது சாதாரணம். டெஸ்ட் டிரைவ் போகும்போதே ஐந்து பேரையும் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, டேப்பால் அளந்துவிடுங்க. சம்ப் கவர் (இன்ஜின் ஆயில் தொட்டியின் அடி மூடி), சைலன்ஸர் குழாய் வளையும் இடம், பின் சஸ்பென்ஷன் ஆர்ம் மூன்றையும் பாருங்க. இதில் எது தாழ்வோ அதுதான் உங்கள் கிளியரன்ஸ்.

வீல்பேஸையும் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) சேர்த்துப் பார்க்கணும். 2,500 மி.மீ வீல்பேஸில் 200 மி.மீ கிளியரன்ஸ் தாண்டுகிற மேட்டை, 2,800 மி.மீ வீல்பேஸில் வயிறு தட்டாமல் தாண்ட 224 மி.மீ வேண்டும். மூன்று வரிசை சீட் வண்டிகள் மேட்டின் உச்சியில் தட்டி நிற்பது இதனால்தான்.

பதில் 2:
சுபாரு ஃபாரஸ்டருக்கு 220, சுசூகி ஜிம்னிக்கு 210. ஆனாலும் கரடுமுரடான பாறைப் பாதையில் ஜிம்னிதான் முன்னே போகும். முன்பின் பம்பர் நீட்டம் குறைவு, லோ ரேஞ்ச் இருக்கிறது, ரிஜிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு). ரிஜிட் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் டிஃபரென்ஷியலும் (அச்சின் நடுவில் தாழ்வாக இருக்கும் கியர் பெட்டி) கூடவே எழும்பும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் அமுங்க அமுங்க வண்டியின் வயிறு தரையை நெருங்கும்.

உங்கள் பாதைக்கு அந்த அளவு தேவையில்லை. சேற்றில் முன்சக்கர டிரைவ் சிரமப்படும், அதுவும் ஏற்றத்தில். டிக்கி லோடு பின்னால் அழுத்த, முன்சக்கரத்தில் எடை குறைந்து சுழல ஆரம்பிக்கும். ஆல் வீல் டிரைவ் போதும். ஒரு சோதனை மட்டும் செய்யுங்க: மூலைவிட்டமாக இரண்டு சக்கரம் பிடிமானம் இழக்கும் பள்ளத்தில் மெதுவாக ஏற்றிப் பாருங்க. பிரேக் மூலம் வேலை செய்யும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், சுழலும் சக்கரத்தைப் பிடித்து மற்றதற்கு இழுவை அனுப்பணும். பல வண்டிகளில் நடுவில் இருக்கும் கிளட்ச் சூடேறி, பின்சக்கரத்துக்கு விசை போவது கொஞ்ச நேரம் நின்றுவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. நிறுத்தி ஆறவிடணும்.

கேட்டவர்:
220 வண்டியில் 235/65 ஆர்17 டயர் (235 மி.மீ அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், 17 அங்குல ரிம்). 235/70 போட்டால் உயரம் கூடுமா?

பதில் 3:
டயர் விட்டம் 23.5 மி.மீ கூடும். அதில் பாதி, 12 மி.மீ-க்குள்தான், கிளியரன்ஸில் சேரும். ஸ்பீடோமீட்டர் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, லோடும் ஏற்றி, உள் ஃபெண்டரில் உரசுகிறதா பார்க்காமல் மாற்றாதீங்க. ஸ்பிரிங்கில் ஸ்பேசர் (இடைக்கட்டை) வைத்துத் தூக்குவதை நான் சொல்லவே மாட்டேன். டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி, சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்கு விசை கடத்தும் வளையும் இணைப்பு) ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், ஜாயின்ட் தேயும். அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் (தார் ரோடு, மண் இரண்டுக்கும் ஏற்றது) போடுவதே சேற்றுக்கு அதிகம் உதவும். ஸ்டெப்னியும் முழு அளவில் இருக்கட்டும்.

ஓட்டும்போது, காய்ந்த நாளில் தடத்துக்குள் இறங்காமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும், மறு பக்கத்தை வெளி ஓரத்திலும் வைத்துப் போங்க, வயிறு தட்டாது. மழை நாளில் அதையே செய்தால் வழுக்கி, வண்டி குறுக்காகத் தடத்தில் விழும். அன்றைக்குத் தடத்துக்குள்ளேயே ஒரே சீராகப் போகணும். நடு மேடு தட்டும் உயரத்தில் இருந்தால் மண்வெட்டியால் மேட்டைச் சரிசெய்துவிடுங்க.