3 அடித் தொட்டியில் தொடரும் மீன் சாவு: கழுவிப் புதிதாகத் தொடங்கினால் போதுமா?

பாசிப்பச்சை:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் 3 அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 150 லிட்டர் நீர் பிடிக்கும். மோலி, கப்பி, இரண்டு ஏஞ்சல் மீன்கள் என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களாக மோலியும் கப்பியும் ஒவ்வொன்றாக இறக்கின்றன. ஒரே நாளில் கூட்டமாகச் சாவதில்லை. ஒரு மீன் போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அடுத்தது தொடங்குகிறது. இரை போட்டால் மேலே வருகிறது, வாயில் வாங்கித் துப்புகிறது, வயிறு ஒட்டிப்போகிறது, முதுகு மெல்ல வளைகிறது. கடைசியாக இறந்த கருப்பு மோலிக்கு வாலடியில் செதில் உதிர்ந்து சிவந்த புண் இருந்தது.

கடைக்காரர் வெண்புள்ளி நோய் என்று சொல்லி மெத்திலீன் ப்ளூ கொடுத்தார். ஊற்றியதில் தொட்டி மூலைகளின் சிலிக்கான் முழுவதும் நீலமாகிவிட்டதே தவிர, சாவு நிற்கவில்லை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம், வெப்பநிலை 28 டிகிரி. எல்லாவற்றையும் வெளியே எடுத்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அதே மணலையும் ஸ்பான்ஜ் பில்டரையும் வைத்து மீண்டும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இது சரிதானா?

நீலவால்:
வெண்புள்ளியாகவே இருக்கலாம், நண்பரே. ஹீட்டரை 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு கரைத்துப் பாருங்கள். தொட்டியைக் கலைக்கத் தேவையில்லை.

ஆழ்நீர்:
வெண்புள்ளியாக இருந்தால் தொட்டியைக் கலைக்கத் தேவையில்லை என்பதில் நீலவாலுடன் உடன்படுகிறேன். ஆனால் இது வெண்புள்ளி இல்லை என்றே நினைக்கிறேன். வெண்புள்ளி வந்தால் உப்புக்கல் அளவுப் புள்ளிகள் துடுப்பில் கண்ணுக்குத் தெரியும், மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்கும், இந்த வெப்பநிலையில் ஓரிரு வாரங்களுக்குள் தொட்டி முழுவதும் பரவிவிடும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து, பல்கிப் பெருகி, நீந்தி வெளிவரும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அக்குஞ்சுகளும் மீன் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் மடிந்துவிடும் என்பதால், மீனில்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த சூடான தொட்டி தானாகவே சுத்தமாகிவிடுகிறது.

நீங்கள் எழுதியிருப்பது வேறு கதை. நீர் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக இளைத்து, முதுகு வளைந்து, புண் வைத்துச் சாவது மீன் காசநோயின் போக்கு. மைக்கோபாக்டீரியம் மரினம் உள்ளிட்ட சில பாக்டீரியாக்கள் இதற்குக் காரணம். மரினத்தை 1926இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செத்த மீனை மற்றவை கொத்தித் தின்பதுதான் இது பரவும் முக்கிய வழி, ஆகவே இறந்ததை உடனே எடுத்துவிடுங்கள். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: குடற்புழு இருந்தாலும் மோலியும் கப்பியும் இப்படி இளைக்கும். குதத்தில் சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்ததா?

உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அடுத்து இறக்கும் மீனை உறைய வைக்காமல் ஐஸில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். சென்னை மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்நோய் ஆய்வகம் இருக்கிறது. தனியார் தொட்டி மீனை எடுப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஈரல், மண்ணீரல், சிறுநீரகத்தில் எடுத்த சாயப் பூச்சில் அந்தக் கிருமி நுண்ணோக்கியில் தெரிந்துவிடும்.

பாசிப்பச்சை:
மிக்க நன்றி, அண்ணா. சிவப்பு நூல் எதுவும் இல்லை; கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது: தொட்டிக் கல்லில் உரசிய இடத்தில், வலது நடுவிரல் முட்டியில், சிவந்த கட்டி ஒன்று பல வாரங்களாக ஆறாமல் இருக்கிறது. வலி அதிகம் இல்லை. பக்கத்து மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவிவருகிறேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

சோதனைக்குழாய்:
நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தொட்டி வேலையை நிறுத்திவிட்டு முதலில் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் கீறல் வழியாக மனிதத் தோலில் புகுந்து, சில வாரங்கள் கழித்து இப்படிப்பட்ட கட்டியாக வெளிப்படும்; விட்டுவிட்டால் விரலிலிருந்து முன்கைக்கு வரிசையாக ஏறவும் செய்யும். “வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது, மீன்கள் சாகின்றன” என்று நீங்களாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்காத மருத்துவர்கள் உண்டு. திசு எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், 30 முதல் 32 டிகிரி வெப்பத்திலும் வைத்துப் பார்க்கும்படி குறிப்பெழுதச் சொல்லுங்கள். வழக்கமான 37 டிகிரியில் இது சரியாக வளராமல் தவறிவிடுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய் அன்று, சிகிச்சையும் உண்டு, ஆனால் மாத்திரையைப் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று குழாயின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஆழ்நீர்:
இவர் சொன்னதுதான் முதல் வேலை. தொட்டி காத்திருக்கலாம்.

பிறகு தொட்டிக்கு வருவோம். பிளீச்சிங் பவுடர் மட்டும் போதாது என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். இந்தக் கிருமியின் மெழுகு உறை குளோரினை மற்றக் கிருமிகளைவிட நன்றாகவே தாங்கும். அது வழவழப்புப் படலத்துக்குள் ஒளிந்திருந்தால் இன்னும் கடினம். எனவே முதலில் மணல், மரக்கட்டை, செடி, ஸ்பான்ஜ், வலை, சைபன் குழாய் எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். துளையுள்ள பொருளை நம்பகமாகக் கிருமி நீக்க வீட்டில் வழியில்லை, மணலும் ஸ்பான்ஜும் விலை உயர்ந்தவையும் அல்ல. பில்டரைத் தக்கவைக்க விரும்புவது புரிகிறது. நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, கெட்டதும் அதில்தான் குடியிருக்கிறது.

வெறும் கண்ணாடியை ரப்பர் கையுறையுடன் படலம் போகத் தேய்த்துக் கழுவி, 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவிடுங்கள். பலமுறை அலசி, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்; ஹைப்போகுளோரைட் அல்ல) கரைசலால் குளோரினை முறித்து, முழுவதும் உலர்த்திய பிறகே 70 சதவீத ஆல்கஹாலால் உட்புறம் ஈரமாகத் துடையுங்கள். கிருமியை உண்மையில் தீர்ப்பது அதுதான். பிளீச்சும் ஆல்கஹாலும் ஒன்று சேரக் கூடாது, கழிப்பறை ஆசிட் எதுவும் அருகில் வரக் கூடாது. சன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்போ பிளக்கில் இருக்கும் கருவியோ பக்கத்தில் வேண்டாம். நீல சிலிக்கான் போகாது, அதனால் மீனுக்குக் கேடும் இல்லை.

அதன்பின் தொட்டி புதுத் தொட்டிதான். மீனில்லாமல் சைக்கிள் செய்ய வேண்டும், அதாவது அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நல்ல பாக்டீரியாவைப் புதிதாக வளர்க்க வேண்டும். தூய அம்மோனியம் குளோரைடு 150 லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் அளவுக்கு வரும். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான் என்றாலும், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் 0 ஆகும் நாள்வரை பொறுங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

பாசிப்பச்சை:
நாளை மாலை தோல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது, நிறுத்திவிட்டேன். ஏஞ்சல் மீன்கள் இரண்டும் இன்னும் கொழுகொழுவென்று இருக்கின்றன. அவற்றைப் புதுத் தொட்டிக்கு மாற்றலாமா? தொட்டியில் பெருகியிருக்கும் நத்தைகளை என்ன செய்வது?

ஆழ்நீர்:
மாற்றக் கூடாது, வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம், மீனில் அதை ஒழிக்கும் நம்பகமான மருந்தும் இல்லை. கிராம்பு எண்ணெய் கொண்டு வலியின்றி முடித்துவிடுவது ஒரு வழி. உங்கள் இடத்தில் நான் இருந்தால், தொட்டியைக் கலைப்பதைத் தள்ளிப்போட்டு, புதிய மீன் எதுவும் சேர்க்காமல், ஏஞ்சல்கள் தம் காலம் முடியும்வரை அங்கேயே வாழவிட்டு, அதற்கென்றே தனி வலையும் நீண்ட கையுறையும் வைத்துக்கொண்டு நடத்துவேன். எந்த வழியானாலும் அவற்றை விற்கவோ கொடுக்கவோ ஏரியில் விடவோ வேண்டாம். நத்தைகள் மணலோடு குப்பைக்குப் போகட்டும். தொட்டி நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து கழிப்பறையில் ஊற்றுங்கள். சைபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கம் இருந்தால் இனி கைப்பம்பு வாங்கிவிடுங்கள்.