எட்டாம் வகுப்பு, வாசிப்போ கல்லூரி அளவு: என்ன கொடுக்கலாம்?

நண்பர்களே, பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்ட 13 வயது மாணவிக்கு அடுத்த புத்தகம் சொல்லுங்கள். மொழி அவளுக்குத் தடையில்லை, பார்க்க வேண்டியது உள்ளடக்கத்தைத்தான். கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) கோபல்ல கிராமம் நாவலில் வரும் கரிசல் வட்டாரப் பேச்சு பத்துப் பக்கத்தில் பழகிவிடும். ஆனால் தொடக்கத்திலேயே நகைக்காக ஒரு கர்ப்பிணி கொல்லப்படுகிறாள். அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு நாவல், 1948 ஹைதராபாத் கலவரத்தை ஒரு கல்லூரி மாணவன் கண்வழி காட்டுவது, அருமையான தேர்வு. அதன் கடைசிக் காட்சியை மட்டும் பெரியவர் யாராவது முன்பே படித்துவிட்டு, பிறகு அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

250 பக்கத்துக்குள் நாவல், அறிவியல் கட்டுரை, வங்க மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி. தலைப்போடு நிறுத்தாமல், எந்த அத்தியாயத்தில் கவனம் வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.