மிடி கேபிளில் கீபோர்டு: ஒரே சுரம் இரண்டு தடவை கேட்கிறது, சில சுரம் நிற்கவே மாட்டேன் என்கிறது

நாலரைக்கட்டை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய கீபோர்டு. பின்னால் யுஎஸ்பி கிடையாது, ஐந்து பின் போகும் வட்ட ஓட்டை இரண்டுதான் இருக்கின்றன. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் இரண்டு மிடி முனை என்று வருமே, அந்த வகையில் இருப்பதிலேயே மலிவான கேபிளை வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினேன். முதல் நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. கேபிளில் இன் என்று எழுதியிருந்த முனையைக் கீபோர்டின் இன் ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தேன், அது கீபோர்டின் அவுட்டில் போக வேண்டுமாம். மாற்றிச் செருகியதும் கேபிளில் இருக்கும் குட்டி விளக்கு கட்டையைத் தொடும்போதெல்லாம் மின்னியது, சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் இரண்டு தடவை வருகிறது, இரண்டாவது சற்றுத் தாமதமாக, பின்பாட்டு மாதிரி. அதைவிடப் பெரிய தொல்லை, இடது கையில் கார்டு (சேர்த்து அழுத்தும் சில சுரங்கள்) பிடித்துக்கொண்டு தாளத்தை ஓடவிட்டு வேகமாக வாசித்தால் ஏதாவது ஒரு சுரம் மாட்டிக்கொண்டு ஊஊ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது, மென்பொருளை மூடினால்தான் அடங்குகிறது. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், யுஎஸ்பி ஓட்டையையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கீபோர்டே போய்விட்டதா?

சுதிபேதம் எழுதியது:

கீபோர்டு போகவில்லை, பயப்படாதீர்கள். இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மிடி கேபிளில் சத்தம் போகாது என்பது முதலில் மனதில் பதியட்டும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டீர்கள், இந்தச் செய்தி மட்டும்தான் அதில் போகிறது. அப்படியானால் உங்களுக்கு முதலில் கேட்பது கீபோர்டு தன் பாட்டுக்குப் போடும் சத்தம், இரண்டாவது கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை வாங்கிப் போடும் சத்தம். கீபோர்டின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், ஒன்றுதான் கேட்கும். மெனுவில் மிடி பகுதியில் லோக்கல் கன்ட்ரோல் என்று இருந்தால் அதை ஆஃப் செய்வது இன்னும் நல்லது, கட்டையை அழுத்தினாலும் கீபோர்டு தன் சத்தத்தைப் போடாது, செய்தியை மட்டும் அனுப்பும். ஒரு எச்சரிக்கை: சில கீபோர்டுகளில் அணைத்துப் போட்டால் அது தானாக ஆன் ஆகிவிடும், சிலவற்றில் ஆஃபாகவே கிடக்கும். இப்படித்தான் ஒரு வாரம் கழித்துக் கேபிள் இல்லாமல் வாசிக்க உட்கார்ந்து, சத்தமே வராமல், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் கம்ப்யூட்டரின் ஆடியோ டிரைவர், மிடி இல்லை. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் ஏஎஸ்ஐஓ வகை டிரைவரை (தாமதத்தைக் குறைக்கவே இருப்பது) தேர்ந்தெடுங்கள், சவுண்ட் கார்டோடு அப்படி ஒன்று வரவில்லை என்றால் ஏஎஸ்ஐஓ ஃபார் ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம் பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்தைச் சேர்த்து வைத்து வெளியே விடுகிறது என்பது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 1024 சாம்பிள் வைத்தால் அது மட்டுமே 23 மில்லிநொடி, விரலுக்கு நன்றாகவே தெரியும். 256 என்றால் 6-க்குப் பக்கம், 128 என்றால் 3. ரொம்பக் குறைத்தால் கம்ப்யூட்டர் திணறிச் சத்தம் பொரியும், பொரிய ஆரம்பித்ததும் ஒரு படி மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

சுரம் இழுப்பது பெடலாக இருக்கலாம். விரலை எடுத்த பின்னும் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி சுவிட்சைப் போட்டால் சில கீபோர்டுகள் அதன் மேல் கீழைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும்.

நாலரைக்கட்டை எழுதியது:

லோக்கல் ஆஃப் செய்தேன், இரட்டைச் சத்தம் போயே போச்சு! பஃபர் 256-இல் வைத்திருக்கிறேன், 128-இல் பொரிகிறது. ஆனால் பெடல் என்னிடம் இல்லவே இல்லை, சுரம் இன்னும் மாட்டிக்கொள்கிறது.

ஒயர்பைத்தியம் எழுதியது:

பெடல் என்றால் எல்லாச் சுரமும் சேர்ந்து இழுக்கும், ஒன்று மட்டும் இழுக்காது. அதனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை, சுதிபேதம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊகிப்பதை விட்டுவிட்டுக் கம்பியில் என்ன வருகிறது என்று பாருங்கள். மிடி ஆக்ஸ் என்று ஒரு மென்பொருள், வரும் செய்திகளை வரி வரியாகக் காட்டும். அதைத் திறக்கும் முன் இசை மென்பொருளை மூடிவிடுங்கள், பல டிரைவர்களில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும், இல்லையென்றால் ஏதோ பிழை காட்டும், அதற்கு ஒரு புதிய கேள்வி போடுவீர்கள். எண்களைத் தசமத்தில் வைத்துக்கொண்டால் இப்படி வரும்: 144 60 87. முதல் எண்ணுக்கு அர்த்தம் முதல் சேனலில் (ஒரே கம்பியில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒதுக்கும் தடம்) சுரம் அழுத்தப்பட்டது, 60 என்பது நடு சி, 87 அழுத்தத்தின் வேகம். விட்டதும் 144 60 0 என்றோ 128-இல் தொடங்கும் வரியோ வர வேண்டும். அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று, கணக்கு சரியாக இருக்க வேண்டும். சுரம் மாட்டியதும் வாசிப்பை நிறுத்தி மேலே உருட்டிப் பாருங்கள்.

நாலரைக்கட்டை எழுதியது:

பார்த்தேன். சி, இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி விட்டேன். வந்தது:

144 60 87
144 64 91
144 67 80
153 36 100
144 60 0
144 67 0

64-க்கு சைபர் வரவே இல்லை! நடுவில் 153 என்று ஒன்று, தாளம் ஓடும்போது அது மாதிரி கொட்டுகிறது.

ஒயர்பைத்தியம் எழுதியது:

அழகு. 153 என்பது பத்தாவது சேனல், அதாவது டிரம்ஸ், 36 பேஸ் டிரம். நீங்கள் வாசிப்பதோடு தாளம், பேஸ், பின்னணி கார்டு எல்லாவற்றையும் கீபோர்டு அதே கம்பியில் தள்ளுகிறது. மிடி 1983-இல் வந்தது, நொடிக்கு 31,250 பிட்தான் அதன் வேகம். ஒரு பைட்டுக்குத் தொடக்கம் முடிவு சேர்த்து 10 பிட், ஒரு சுரத்துக்கு மூன்று பைட், ஆக ஒரு செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. கீபோர்டுக்கு இது பாரமே இல்லை, வரிசையில் நிற்க வைத்து அனுப்பிவிடும். தடுமாறுவது மலிவு கேபிளில் இருக்கும் குட்டிச் சிப், நெரிசல் வந்தால் ஒன்றிரண்டைக் கீழே போட்டுவிடும். அழுத்திய செய்தி விழுந்தால் ஒரு சுரம் கேட்காது, அதை நாமே கவனிக்க மாட்டோம். விட்ட செய்தி விழுந்தால் ஊர் கூடும் வரை இழுக்கும். சிலவற்றில் வாங்கும் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டிய ஆப்டோகப்ளர்கூட (செய்தியை ஒளி வழியாகக் கடத்தும் சிறு பாகம்) இருக்காது, அதுவும் ஒரு காரணமாகலாம்.

முதலில் மெனுவில் தாளப் பகுதியை மிடியில் அனுப்புவதை நிறுத்துங்கள். அப்படியும் வந்தால் வேறு கேபிளோ மிடி ஓட்டை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸோ (வெளியே மாட்டும் சவுண்ட் கார்டு) யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி இதே சோதனையைச் செய்யுங்கள், அதுவரை டிரைவரைத் தொடாதீர்கள்.

சுதிபேதம் எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை, பெடலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாசிக்கும் நடுவில் மாட்டினால் மென்பொருளை மூட வேண்டாம், பானிக் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் எல்லாச் சுரமும் அடங்கும்.

நாலரைக்கட்டை எழுதியது:

தாளம் அனுப்புவதை நிறுத்தியதும் பெரும்பாலும் சரியானது, ஆனாலும் அரைமணிக்கு ஒரு முறை மாட்டியது. நேற்று நண்பரின் ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்கி வந்து, அதே கீபோர்டு, தாளத்தையும் வேண்டுமென்றே ஓடவிட்டு இரண்டு மணி நேரம் அடித்து நொறுக்கினேன். ஒரு சுரம்கூட மாட்டவில்லை, மிடி ஆக்ஸிலும் ஒவ்வொன்றுக்கும் சைபர் வருகிறது. கேபிள்தான். இன்டர்ஃபேஸை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவர் இந்தப் பக்கம் வராமல் இருந்தால் சரி.