அப்டேட்: ஏற்காடு ஓடையில ஃப்ளை ராடு வீசுற பஞ்சாயத்து

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, ஃப்ளை ராடுல (ஃப்ளைன்னா பூச்சி மாதிரி கட்டின தூண்டில் முள்) மீன் புடிக்கப் போனா பின்னாடி காபிச் செடி, தலைக்கு மேல சில்வர் ஓக் கிளை, நாலு ஃப்ளை மரத்துக்கே போச்சுன்னு. நேத்து மறுபடி போனேன்.

இந்த தடவ ராட பின்னாடி கொண்டு போய் வீசவே இல்ல. ஃப்ளையோட முள் வளைவ ரெண்டு விரலால புடிச்சு, ராடு நல்லா வளையுற வரைக்கும் இழுத்து, கவட்டை அடிக்கிற மாதிரி டப்புனு விட்டேன், நேரா புதருக்கு அடியில போய் விழுந்துச்சு பாருங்க! முள் நுனி விரல்ல ஏறாம பாத்துக்கணும், எனக்கு ஒரு தடவ ஏறிடுச்சு.

இன்னொன்னு, மீன் தண்ணி வர்ற பக்கம் பாத்துதான் நிக்கும், அதனால அதுக்கு பின்னாடி, தண்ணி போற பக்கத்துல இருந்து மேல குனிஞ்சே போனேன், முட்டியெல்லாம் சேறு.

ஏற்காட்டுல ஏதுய்யா ட்ரவுட் மீனுன்னு கேட்ட அண்ணே, இங்க கிடையாதுண்ணே, அதுக்கு குளிர்ந்த தண்ணி வேணும், நீலகிரி அவலாஞ்சி பக்கம்தான் போகணும். இது அதுக்கான பிராக்டிஸ்.

கிடைச்சது மூணு கெண்டைப்பொடி, பெருசே விரல் நீளம்தான், திரும்ப விட்டாச்சு. ஒரே ஒரு ஃப்ளை போச்சு, அதுவும் வீட்டுக்கு வந்து பாத்தா என் சட்டை காலர்லயே தொங்குது.